மன்னார்க் கோட்டை பெருக்கல் யாழ்ப்பாணக் கோட்டை

சதுரத்தைச் சதுரத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்ட பிள்ளைக்கு "சதுரமுகி" என்று பதில் சொன்னவன் நான். யோசிக்காமலே சொன்னேன். மன்னாரில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிற டியூஷன் வாத்தியார் யோசித்துக்கொண்டு நின்றால், அடுத்த மாதம் பாதி வகுப்பு பக்கத்து ஒழுங்கைக்கு மாறிவிடும்.

கடைசி வாங்கில் இருந்த பிள்ளை விடவில்லை. "சேர், கோடு பெருக்கல் கோடு சதுரம். சதுரம் பெருக்கல் கோடு சதுரமுகி. சதுரம் பெருக்கல் சதுரமும் சதுரமுகி எண்டா, கோடும் சதுரமும் ஒண்டா?"

"நல்ல கேள்வி. ஆனா சோதனைக்கு வராது" என்றேன். இந்தக் கேடயம் இல்லாமல் எங்கள் தொழிலில் ஒருவரும் ஓய்வூதிய வயதுவரை பிழைத்ததில்லை.

சரியான விடை நான்கு பரிமாணத்தில் இருக்கிறது. கோட்டுக்கு ஒரு பரிமாணம், சதுரத்துக்கு இரண்டு. சதுரத்தைச் சதுரத்தால் பெருக்கினால் இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கு. அந்த வடிவத்துக்கு 16 உச்சி, 32 விளிம்பு, 24 சதுர முகம். அதைச் சூழ்ந்து 8 சதுரமுகிகள். ஹின்டன் என்ற ஆங்கிலேயர் 1888இல் அதற்கு டெஸராக்ட் என்று பெயர் வைத்தார். சதுரம்தான் வேண்டும் என்றும் இல்லை. எந்தப் பல்கோணியையும் எந்தப் பல்கோணியாலும் பெருக்கலாம். முதல் பல்கோணியில் ஒரு புள்ளி, இரண்டாவதில் ஒரு புள்ளி என்று சோடி சேர்த்தால், அந்தச் சோடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாற்பரிமாண உருவம். ஹென்றி மானிங் 1914இல் வெளியிட்ட நூலில் இவற்றை இரட்டை அரியங்கள் என்று எழுதினார். இப்போது டுவோபிரிசம் என்கிறார்கள். (அதே 1914இல்தான் எங்கள் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மன்னார்க்காரனுக்கு 1914 என்று கண்டால் இதைச் சொல்லாமல் இருக்க ஏலாது.)

இவ்வளவையும் அன்றிரவு வாசித்துவிட்டேன். வாசித்ததும் ஆசை வந்தது: அந்த உருவத்தை ஒருமுறையாவது மனக்கண்ணால் பார்த்துவிட வேண்டும். விளக்கை அணைத்து, கண்ணை மூடி, மூன்று அச்சுக்கும் செங்குத்தாக நாலாவது அச்சைத் தேடினேன். நித்திரைதான் வந்தது.

வழி காட்டியது மன்னார்க் கோட்டை. பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும்போது கடலோரத்தில் தெரிகிறதே, அதேதான். 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பிறகு திருத்திக் கட்டினார்கள். நான்கு மூலை, நான்கு கொத்தளம். யாழ்ப்பாணக் கோட்டையும் அதே 1658இல்தான் கைமாறியது. போர்த்துக்கேயர் காலத்தில் அதுவும் நாற்கோணம். ஒல்லாந்தர் அதை ஐந்து கொத்தளம் கொண்ட ஐங்கோணியாகக் கட்டினார்கள். அந்த ஐந்தாவது மூலை ஒருநாள் எனக்குச் செய்யப்போகும் கேட்டை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார், மனைவியின் தமையன். நான் மன்னார்க் கோட்டையின் ஒரு கொத்தளத்தில் நிற்கிறேன், அவர் யாழ்ப்பாணக் கோட்டையின் ஒரு கொத்தளத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். நான் எங்கே, அவர் எங்கே என்ற இரண்டையும் சேர்த்து ஒரே தகவலாகச் சொன்னால் அது டுவோபிரிசத்தின் ஓர் உச்சி. எனக்கு 4 இடம், அவருக்கு 5. ஆக 20 உச்சி. அவர் அசையாமல் நிற்க நான் ஒரு மதிலின்மேல் அடுத்த கொத்தளத்துக்கு நடந்தால் அது ஒரு விளிம்பு. நான் நிற்க அவர் நடந்தாலும் விளிம்பு. எந்த உச்சியில் நின்றாலும் நான் இரண்டு பக்கம் போகலாம், அவரும் இரண்டு பக்கம் போகலாம். 20ஐ 4ஆல் பெருக்கி, ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு தரம் எண்ணியதால் பாதியாக்கினால் 40 விளிம்பு. நான் ஒரு மதிலிலும் அவர் ஒரு மதிலிலும் ஒரே நேரத்தில் விருப்பப்படி நடமாடினால் அது ஒரு சதுர முகம். நான் மதிலை விட்டிறங்கிக் கோட்டை முற்றம் முழுக்க அலைய, அவர் ஒரு மதிலின்மேல் உலாவினால் அது ஒரு திண்மப் பெட்டி: எனக்கு இரண்டு பரிமாணம், அவருக்கு ஒன்று. இருவருமே முற்றத்தில் இறங்கி அலைந்தால் நாங்கள் வடிவத்தின் உட்பகுதியில் இருக்கிறோம். என் இடத்தைச் சொல்ல இரண்டு ஆள்கூறு, அவருடையதைச் சொல்ல இரண்டு. நாலாவது பரிமாணம் மச்சானின் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது, நான்தான் கட்டிலில் படுத்துத் தேடியிருக்கிறேன்.

இதை அடுத்த வகுப்பில் சொல்லிப் பழைய அவமானத்தைக் கழுவ நினைத்தேன். கழுவப்போன இடத்தில் இன்னொன்று பூசிக்கொண்டேன்.

கரும்பலகையில் முகங்களை எண்ணினேன். என் மதில் 4, அவர் மதில் 5, அதனால் 20 சதுரம். அவரை ஒரு கொத்தளத்தில் நிறுத்தி நான் முற்றம் முழுக்க அலைந்தால் ஒரு சதுரம்; அப்படி 5. என்னை நிறுத்தி அவரை அலையவிட்டால் ஐங்கோணி, அப்படி 4. மொத்தம் 29 முகம். சரிபார்க்க, கீழ்வகுப்பில் எல்லாரும் படித்த ஒயிலரின் தொடர்பைப் போட்டேன்: உச்சியும் முகமும் கூட்டினால், விளிம்பைவிட 2 கூட. 20உம் 29உம் 49. 40உம் 2உம் 42. ஏழு முகம் மிச்சம்.

ஏழு முகத்தை எங்கேயோ இரட்டிப்பாக எண்ணிவிட்டேன் என்று முடிவெடுத்தேன். எங்கே என்று தெரியவில்லை. வகுப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது. "இந்த ஏழும் மறைஞ்ச முகங்கள், விடலாம்" என்று சொல்லி 29ஐ அழித்து 22 என்று எழுதினேன். கணிதத்தில் 'விடலாம்' என்று சொல்லி எதையும் விடமுடியாது என்பது எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் இவ்வளவு காலம் சம்பளம் வாங்குகிறேன்.

மூக்குடைத்தது அதே கடைசி வாங்குதான். டெஸராக்டுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்: 16உம் 24உம் 40, 32உம் 2உம் 34. அங்கேயும் பொருந்தவில்லை. "சேர், அதிலயும் ஆறு மறைஞ்ச முகமா?" ஒயிலரின் தொடர்பு மூன்று பரிமாணத் திண்மங்களுக்கானது. நான்கு பரிமாணத்தில் சூழ்ந்திருக்கும் திண்மங்களையும் எண்ணி, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பூச்சியம் வரவேண்டும். உச்சி 20, கழித்தல் விளிம்பு 40, கூட்டல் முகம் 29, கழித்தல் திண்மம் 9. பூச்சியம். டெஸராக்டுக்கு 16 − 32 + 24 − 8. அதுவும் பூச்சியம். என் 29 முதலிலேயே சரி. சரியான விடையை அழித்துவிட்டுப் பிழையை எழுதிய வாத்தியாருக்கு எந்தப் பிள்ளையும் இதுவரை புள்ளி போட்டதில்லை. அன்றைக்கு வகுப்பு எனக்குப் போட்டது.

கண்ணால் பார்க்க முடியாவிட்டால் கையால் செய்து பார்ப்போம் என்று அட்டையில் இறங்கினேன். இந்த விஷயத்தில் எனக்கு முன்னோடிகள் உண்டு என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். சுவிஸ்காரர் லுட்விக் ஷ்லெஃப்லி பல பரிமாண வடிவங்களை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர். துன் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகப் பல வருடம் இருந்தவர். 1850க்கும் 1852க்கும் இடையில் அவர் எழுதிய பெரிய ஆய்வை நீளம் என்று திருப்பி அனுப்பினார்கள். அது முழுமையாக அச்சேறியது 1901இல், அவர் இறந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. அடுத்தவர் அலிசியா பூல் ஸ்டொட், தர்க்கவியலாளர் ஜோர்ஜ் பூலின் மகள். பல்கலைக்கழகப் பக்கம் போகாமல், பிள்ளை வளர்த்துக்கொண்டு, நாற்பரிமாண உருவங்களின் வெட்டுமுகங்களை அட்டையில் செய்து அடுக்கினார். அவை சரியாக இருந்தன. 1914இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

"நீங்கள் எந்தப் பக்கம் போறியள், பட்டம் குடுக்கிற பக்கமோ, திருப்பி அனுப்பிற பக்கமோ?" என்று கேட்டா மனைவி.

சதுரமுகியை விரித்தால் தட்டையான சிலுவைபோல ஆறு சதுரம் வருமே, அதுபோல 4-5 டுவோபிரிசத்தை முப்பரிமாணத்தில் விரிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சதுரமுகிகளை அடுக்கி ஒரு தூண். நடுச் சதுரமுகியின் நான்கு பக்கமும் ஆளுக்கொரு ஐங்கோண அரியம். நாற்பரிமாணத்தில் மடிக்கும்போது தூணின் அடியும் முடியும் சேர்ந்து ஒரு வளையமாகும். அரியங்கள் ஐங்கோண முகங்களால் கைகோத்து இன்னொரு வளையமாகும். ஒரு வளையம் மற்றதன் நடுவால் புகுந்திருக்கும். அருமையான அமைப்பு. மீன்கடை அட்டைப் பெட்டிகளை வெட்டி, சவ்வரிசிப் பசை காய்ச்சி, நான்கு சதுரமுகியும் ஐந்து ஐங்கோண அரியமும் செய்தேன். நான்கு பக்கச் சதுரம், அதனால் நான்கு சதுரமுகி. ஐந்து பக்கத்துக்கு ஐந்து அரியம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தூணின் பக்கத்தில் நான்கு அரியத்தை ஒட்டியபிறகு ஐந்தாவது அரியம் கையில் மிஞ்சியது. ஒட்ட ஒரு முகம் இல்லை. மேலே வைத்தேன், கீழே வைத்தேன். ஐங்கோணி முகம் சதுரத்தில் பொருந்துமா? கொஞ்சம் அமர்த்தினால் பொருந்தும் என்று அமர்த்தியும் பார்த்தேன்.

கணக்கு மாறித்தான் வரும். மச்சான் ஒரு மதிலில் உலாவ, நான் முற்றம் முழுக்க அலைந்தால் ஒரு திண்மப் பெட்டி என்று நானே சொன்னேன், அதுதான் சதுரமுகி. அவருக்கு மதில் ஐந்து. ஆகவே சதுரமுகி ஐந்து. எனக்கு மதில் நான்கு, ஆகவே ஐங்கோண அரியம் நான்கு. ஐங்கோணியின் பக்கங்கள்தான் சதுரமுகியின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. அரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பக்கச் சதுரம் இருப்பது தூணின் ஐந்து சதுரமுகிகளையும் தொட்டுக்கொள்ளத்தான். ஐந்தாவது சதுரமுகியை மறுநாள் செய்து ஒட்டலாம் என்று உருவத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். மன்னார் ரவுணில் இருப்பவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்: எங்கள் தெருவில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரியும், அட்டைப்பெட்டி அவற்றுக்கு நல்ல விருப்பம். மீன்வாசம் அடித்த அட்டையைத் தின்னாது என்று நான் நினைத்திருந்தேன். விடியப்பார்க்க மிஞ்சியது அந்த உபரி ஐந்தாவது அரியம் மட்டும். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாமல் இருக்கலாம். எது வேண்டாத துண்டு என்பது என்னைவிட முதலில் தெரிந்திருக்கிறது.

பிறகு நான் கைவேலைப் பக்கம் போகவில்லை. ஏற்கெனவே செய்து நிறுத்தியிருப்பதைப் பார்ப்போம் என்று பிள்ளைகளைத் தீவின் தென்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணை அங்கேதான்: 30 காற்றாலை, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. பறவைகளுக்கும் வெள்ளம் வடிவதற்கும் காற்றாலைகளால் கேடு என்று ஊர் வைக்கிற முறைப்பாடு பெரிய கதை, அதை இங்கே தொடவில்லை. எனக்கு வேண்டியது மூன்று இறகு. ஓர் இறகில் நிறம் பூசி வைத்தால், அது மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும். மூன்றில் ஒரு சுற்று திரும்பினால் அடுத்த இடம். ஆகக் காற்றாலை ஒரு முக்கோணி. இரண்டு காற்றாலையைச் சேர்த்துப் பார்த்தால் முக்கோணி பெருக்கல் முக்கோணி: 9 உச்சி, 18 விளிம்பு, 6 முக்கோணியும் 9 சதுரமுமாக 15 முகம், மூன்று மூன்றாக இரண்டு வளையத்தில் 6 முக்கோண அரியம். 9 − 18 + 15 − 6. இந்தமுறை பூச்சியம் வருகிறதா என்று வானுக்குள்ளேயே இரகசியமாகப் போட்டுப் பார்த்திருந்தேன். எல்லாம் சுகமாகப் போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"முப்பதையும் சேர்த்தா எத்தினை உச்சி, சேர்?"

"மூண்டு முப்பது, தொண்ணூறு."

காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. சிலருக்காவது கேட்டிருக்காது என்று நம்பினேன். "சேர், பெருக்கிறதெண்டு சொல்லிப்போட்டுக் கூட்டிறியள்" என்றாள் அந்தக் கடைசி வாங்குப் பிள்ளை. இரண்டு காற்றாலைக்கு ஒன்பது என்று சொன்ன வாய், முப்பதுக்கு வந்ததும் கூட்டலில் விழுந்துவிட்டது. மூன்றை முப்பது தரம் பெருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பெருக்கினார்கள்: 205,891,132,094,649. அத்தனை உச்சி கொண்ட உருவம் 60 பரிமாணத்தில் இருக்கிறது. இப்படிப் பலவற்றைப் பெருக்கி வருவதற்கு ஜோன் கொன்வே புரோபிரிசம் என்று பெயர் சொன்னார் என்று அவசரமாக ஒரு தகவலை எடுத்து வீசினேன். ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

இனி மச்சானின் விஷயம். இதைத்தான் எழுதத் தயங்கினேன்.

கோட்டைக் கணக்கை நிஜமாக நடந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம் வந்தது. திட்டம் இது: தொலைபேசியில் பேசிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஒரு மதில் நடப்பது. இருபது உச்சிக்கும் ஒவ்வொரு தரம் போய், புறப்பட்ட நிலைக்கே திரும்பி வருவது. காவற்காரர் சுற்றுவதுபோல எப்போதும் முன்னோக்கி மட்டும், பின்வாங்கக் கூடாது. கடைசி விதி ஒல்லாந்தத் தளபதிகளுக்கு மரியாதையாக நானே போட்டது. நான் மூன்று மதில் நடப்பேன், மச்சான் ஒன்று நடப்பார். மறுபடி நான் மூன்று, அவர் ஒன்று.

பின்னேர வெயிலில் நடந்தோம். மன்னார்க் கோட்டை மதிலில் நான் விழாமல் நடந்ததே சாதனை. மச்சான் "வந்திட்டன்", "வந்திட்டன்" என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரே கொத்தளத்தில் குந்தியிருந்து கச்சான் கொறித்ததைப் பிறகு அறிந்தேன். ஆனால் பிழை அவரில் இல்லை. இருபதாவது உச்சியை அடைந்ததும் பார்த்தால், புறப்பட்ட நிலைக்குப் போக நானும் ஒரு மதில் நடக்கவேண்டும், அவரும் ஒரு மதில் நடக்கவேண்டும். நான் மட்டும் நடந்தால் ஏற்கெனவே போன உச்சி. அவர் மட்டும் நடந்தாலும் ஏற்கெனவே போன உச்சி. இருவரும் ஒன்றாக நடந்தால் அது விளிம்பல்ல, சதுரத்தைக் குறுக்கே வெட்டுகிற மூலைவிட்டம். ஒழுங்கை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இடையிலோ கடைசியிலோ எங்கேயாவது முட்டியது.

முட்டத்தான் வேண்டும். வில்லியம் டிராட்டரும் போல் எர்டோஷும் 1978இல் ஒரு கட்டுரையில் இதைத் தீர்த்துவிட்டார்கள். முன்னோக்கி மட்டும் சுற்றும் இரண்டு வட்டங்களைப் பெருக்கினால், இப்படி எல்லா உச்சிக்கும் போய்த் திரும்ப, இரண்டு எண்ணுக்கும் 1ஐவிடப் பெரிய பொதுக் காரணி ஒன்றாவது இருந்தாக வேண்டும். வேறு நிபந்தனையும் உண்டு, ஆனால் இது இல்லாவிட்டால் பேச்சே இல்லை. 4க்கும் 5க்கும் அப்படி ஒன்று கிடையாது. போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டை அப்படியே இருந்திருந்தால் 4உம் 4உம். என் திட்டமே, மூன்று மதிலுக்கு ஒரு மதில் என்று, அட்சரம் பிசகாமல் வீடு வந்து சேர்ந்திருக்கும். காற்றாலைக்கு 3உம் 3உம். பின்னோக்கிச் சுழலாமலே அவற்றால் முடியும். மதிலில் தடுமாறிய எனக்கும், கச்சான் கொறித்த மச்சானுக்கும்தான் முடியாது.

பின்வாங்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் சுலபம். மச்சான் நான்கு மதில் முன்னோக்கி நடக்கட்டும், நான் ஒன்று. அவர் அதே நான்கையும் திரும்பி நடக்கட்டும், நான் ஒன்று. மறுபடி அவர் நான்கு முன்னே, நான் ஒன்று. அவர் நான்கு பின்னே, நான் ஒன்று. இருபது உச்சி, இருபது மதில், புறப்பட்ட இடம். சரிபார்த்தேன், பிழையில்லை. அவருக்கு 16 மதில், எனக்கு 4. வாழ்க்கையில் ஒருமுறை கணக்கும் சரியாக வந்து சோம்பலுக்கும் தோதாக வந்திருக்கிறதே என்று சந்தோஷமாக அவருக்கு அனுப்பிவைத்தேன்.

மச்சான் கணிதம் படித்தவரல்ல, வங்கியில் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"மச்சான், நாலை அஞ்சால பெருக்கினாலும் அஞ்சை நாலால பெருக்கினாலும் ஒண்டுதானே?"

"ஒண்டுதான். 4-5உம் 5-4உம் ஒரே வடிவம்."

"அப்ப நீர் யாழ்ப்பாணம் வாரும். நான் மன்னாருக்குப் போறன்."

இதற்கு எனக்குக் கணிதத்தில் ஒரு மறுப்பும் கிடைக்கவில்லை. முழங்கால் நோவு என்று சொல்லியிருக்கிறேன்.